பெரியம்மாவின் முழங்கால்

காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்த மீனைத் தலைக்கூடையில் சுமந்து திருவொற்றியூர்த் தெருக்களில் நாற்பது வருஷம் விற்று, மிச்சப் பொழுதெல்லாம் அரிவாள்மணை முன்னே குந்திக் கழித்த என் பெரியம்மாவுக்குச் சென்ற மாதம் முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. "ரொம்ப வலிக்குமாடா?" என்பது ஒன்றே அவள் கேட்டது. மூன்று நாள் உயிர் போய்த் திரும்பியதென்று முன்பே அந்தச் சிகிச்சை செய்துகொண்ட பக்கத்து வீட்டம்மாள் சொல்லியிருந்தாள்.

மயக்க மருந்து டாக்டர், ஸ்கேன் கருவியைத் தொடையின் நடுவில் வைத்து, ரத்தக் குழாயை ஒட்டி ஓடும் நரம்பைத் திரையில் கண்டு, அதைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்தினார்; வேதனைச் செய்தி மூளைக்குப் போகும் வழி அங்கேயே அடைபட்டது. இவ்வித்தையின் பூர்வகதை துயரமானது. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கொக்கேய்ன் துளிகளால் கண்ணை மரக்கச் செய்த செய்தி பரவியதும், நியூயார்க்கில் நரம்புகளிலேயே அதை ஏற்றிப் பரீட்சித்த ஹால்ஸ்டெட் என்னும் மகா நிபுணர், தம் சரீரத்திலும் சோதித்ததால் அம்மருந்துக்கே அடிமையானார். இன்றைய பூபிவகெய்ன், ரோபிவகெய்ன் மருந்துகளில் அந்த அபாயம் இல்லை.

முன்பெல்லாம் தொடையிடுக்கில் ஊசி போடுவதே வழக்கம். வலி அடங்கினாலும் தொடைத்தசை வலுவிழந்து, எழுந்தவர்கள் விழுந்ததுண்டு. நடுத்தொடை ஊசியில் தசையின் பலம் பெரும்பாலும் நிற்கிறது. முழங்காலின் பின்புற வலிக்கு வேறு மருந்து வேண்டும். அன்று மாலையே பெரியம்மா வாக்கர் பிடித்து நாலடி நடந்தாள். புது மூட்டு மடங்கிப் பழக அந்த முதல் அடிகள் அவசியமாகையால், வலி நிவாரணத்தைச் சௌகரியமென்று எண்ணாமல் சிகிச்சையின் அங்கமென்றே நான் கருதுகிறேன்.

ஆனால் ஒற்றை ஊசியின் பலன் சுமார் 12 முதல் 24 மணி நேரந்தான். அதை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. வலியே இல்லாதபோது மாத்திரை எதற்கென்று அவள் ஒதுக்கிவைக்க, நள்ளிரவில் மரப்பு விலகியதும் வலி பேரலையாய் வந்து மோதிற்று. ஆயுள் முழுதும் சுமை தூக்கியவள், பல்லைக் கடித்துக்கொண்டு விடியும்வரை ஒருவரையும் அழைக்கவில்லை. அந்தப் பொறுமையை நான் மெச்சமாட்டேன்.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் முழங்காலைத் தேய்த்த நம் பகுதி மக்களே, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சைக்குப் போனாலும் சொந்தப் பணத்தில் போனாலும், கையெழுத்திடுமுன் கேளுங்கள்: நரம்பு ஊசி உண்டா, மரப்பு எப்போது விலகும், முதல் மாத்திரை எத்தனை மணிக்கு? துணையில்லாமல் எழுந்திருக்காதீர்கள்; வலித்தால் நர்ஸை எழுப்புங்கள்.