கடன் நோட்டைத் தூக்கிப் போடாதீங்க!

காலண்டர், அலாரம், கால்குலேட்டர் எல்லாம் ஸ்மார்ட்போனுக்குள் வந்தாச்சு. 1994-ல் விற்பனைக்கு வந்த ஐ.பி.எம். 'சைமன்' போனிலேயே காலண்டரும் முகவரிப் புத்தகமும் இருந்தன.

கரண்ட் பில், சீட்டுத் தவணை, எல்.ஐ.சி. பிரீமியம் என்று தேதியை மறக்கும் குமாஸ்தாவுக்குப் போன் லாபம்தான். அது மணியடித்துச் சொல்லும். டைரி வாயைத் திறக்காது.

மளிகைக் கடைக்காரர் கதை வேறு. கூட்டம் நெருக்கும்போது காதில் செருகிய பென்சிலே வேகம். பாக்கிக் கணக்கைப் போனில் மட்டும் வைத்து, பஸ்சில் அது பறிபோனால்? வரவேண்டிய பணமும் போச்சு!

ஆகவே, தேதிகள் போனில் இருக்கட்டும். பாக்கி நோட்டிலும் இருக்கட்டும். *#06# அழுத்தினால் தெரியும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதி வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' மூலம் அதை முடக்க அந்த எண் கைகொடுக்கும்.