ஆம்பூர்னா பிரியாணி மட்டும்தானா? வேலூர் பக்கம் ஒரு நாள் ஏன் நிற்க வேண்டும்?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிற பலருக்கும் ஆம்பூர் ஒரு பிரியாணி பிரேக், அவ்வளவுதான். சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்க கத்திரிக்காய், தயிர் வெங்காயம். அரை மணி நேரத்தில் மறுபடியும் ஹைவே. இதே ஆட்கள் இத்தாலி போனால், சின்னச் சின்ன பழைய ஊர்களைத் தேடிப்போய் சந்து சந்தாக நடக்கிறார்கள்.

வேலூர் பக்கம் அப்படி நடக்க ஒன்றும் இல்லையா? நிறையவே இருக்கிறது.

அப்படி என்ன இருக்கு?

சென்னையிலிருந்து வந்தால் முதலில் ஆற்காடு. கர்நாடக நவாபுகளின் தலைநகர் இது. 1751-ல் ராபர்ட் கிளைவ் சுமார் 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்ற ஊர். அந்தக் கோட்டையில் மிச்சம் இருப்பது பாலாற்றங்கரையில் நிற்கும் டெல்லி கேட்.

அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் வேலூர் கோட்டை. 16-ம் நூற்றாண்டுக் கட்டுமானம், சுற்றிலும் அகழி. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, சர்ச் மூன்றும் உண்டு. கோயிலில் நீண்ட காலம் மூலவர் இல்லை. 1981-ல்தான் லிங்கம் திரும்ப வைக்கப்பட்டது.

1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்ததும் இங்கேதான். 1857-க்கு 51 வருடம் முன்பு. தாடி வைக்கக் கூடாது, நெற்றிக்குறி கூடாது என்ற உத்தரவுகளோடு, புதிய தலைப்பாகையில் தோலால் ஆன ஓர் அலங்காரமும் வந்தது. அது அவர்களைக் கொதிக்க வைத்தது. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே கலகத்தை அடக்கியது.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் சிறையிருந்து, 1832-ல் இறந்ததும் வேலூரில்தான். அவரது சமாதியான முத்து மண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தோல் எங்கே?

இந்த ஊர்களின் இன்றைய வாழ்க்கை தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக தோல் பதனிடும் ஆலைகளும் ஷூ கம்பெனிகளும். காலையில் கம்பெனி பஸ்களில் போகிறவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் தைக்கும் ஷூ ஐரோப்பா வரை போகிறது. ஆனால் அது எப்படி உருவாகிறது என்று வெளியூர்க்காரர் பார்க்க வழியே இல்லை.

இத்தாலியின் ஃபிளாரன்ஸில் ஒரு தேவாலயத்தின் பின்புறம் தோல் பள்ளி ஒன்று நடக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரத் தொடங்கியது. இன்று டூரிஸ்ட்கள் நின்று கைவேலையைப் பார்க்கிறார்கள். தோல் வேலை பார்க்கத் தகுந்த விஷயம்தான் என்பதற்கு அது ஒரு சான்று.

"நாத்தம் அடிக்கிற இடத்துக்கு யார் வருவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாற்றத்துக்குப் பின்னால் பாலாறு இருக்கிறது.

ஆற்றின் கணக்கு

தோல் கழிவால் நிலத்தடி நீரும் விளைநிலமும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996-ல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் பதித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கும் வழக்கு. கிட்டத்தட்ட 30 வருடம் கழித்து, 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் இழப்பீட்டு உத்தரவு போட வேண்டி வந்தது. முதல் தீர்ப்பு எவ்வளவு தூரம் களத்துக்கு வந்தது என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

யாரும் நின்று பார்க்காத ஊரில் ஆற்றைக் கெடுப்பது சுலபம். ஆட்கள் வந்து போகிற ஊரில் கேள்வி வரும். சுற்றுலா மட்டுமே பாலாற்றைச் சுத்தப்படுத்தாது, அது ஆலைகளின் வேலை, அரசின் வேலை. ஆனால் அந்த வேலை நடக்கிறதா என்று பார்க்கும் கண்கள் கூடும்.

என்ன செய்யலாம்?

அரசுக்கு: டெல்லி கேட், கோட்டை, முத்து மண்டபத்தை ஒரே நாளில் இணைக்கும் பஸ் ஒன்று விடலாம். ஆம்பூரில் தோல் தொழிலுக்கு ஒரு மியூசியம் வைக்கலாம். அதில் தொழிலாளியின் கதையும் ஆற்றின் கதையும் சேர்ந்தே இருக்கட்டும்.

உங்களுக்கு: அடுத்த முறை பெங்களூரு போகும்போது காலையில் ஆற்காட்டில் இறங்குங்கள், வேலூரைப் பாருங்கள், மதியம் ஆம்பூர் வாருங்கள். பிரியாணி அப்போதும் சூடாகத்தான் இருக்கும்.