உழவர் பெயரால் ஒரு விலக்கு

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2025இல் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. 819 பிரிவுகள் 536 ஆகச் சுருங்கின. பழைய சட்டத்தின் சிக்கல்கள் பலவற்றைக் களைந்தவர்கள், அதன் பெரிய அநீதி ஒன்றை மட்டும் தொடாமல் அப்படியே புதிய ஏட்டுக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். விளைநிலத்திலிருந்து வரும் வேளாண் வருமானம் எத்தனை கோடியாக இருந்தாலும் அதற்கு வரி கிடையாது.

ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் சம்பளம் பெறுபவர், 2025இல் அறிவிக்கப்பட்ட வரி விகிதப்படி ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய் செலுத்தவேண்டும். சம்பளம் கைக்கு வருமுன்பே அத்தொகை பிடித்தம் செய்யப்பட்டுவிடுகிறது. அதே 20 லட்சம் முழுவதும் தோப்பிலிருந்தும் வயலிலிருந்தும் வந்ததாக இன்னொருவர் காட்டினால், அவர் ஒரு ரூபாயும் தரவேண்டியதில்லை. ஒரே அளவு வருவாயுள்ள இருவரில் ஒருவர்மீது மட்டும் சுமையேற்றுவதை எந்த நியாயத்தால் தாங்கிப் பிடிப்பது?

ஒருகாலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. 1857 எழுச்சியால் காலியான கருவூலத்தை நிரப்ப பிரிட்டிஷ் இந்திய அரசின் நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் கொண்டுவந்த வருமான வரி, நில வருவாயையும் விட்டுவைக்கவில்லை. 1886ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதற்கு விலக்களித்தது. நிலமுடையவர் ஏற்கெனவே கிஸ்தி என்ற நிலவரியைக் கட்டி வந்தார். ஒரே விளைச்சலின்மீது இருமுறை கை வைக்கலாகாது என்பது அன்றைய வாதம். அந்தக் கிஸ்தியும் எளியவரையே வாட்டியது. வருமான வரிக்கு வரம்பு உண்டு, நிலவரிக்கோ இல்லை. சிறு நிலக்காரரும் விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்டியாக வேண்டும் என்று அம்பேத்கர் 1927இல் பம்பாய்ச் சட்டசபையில் கண்டித்துப் பேசினார். இன்று நிலவரி பெயரளவுக்குச் சுருங்கிவிட்டது. காரணம் மறைந்த பின்னும் விலக்கு மட்டும் நிலைத்து நிற்கிறது.

விலக்கை நீக்கினால் உழவர் நசுங்குவார் என்பவர்களுக்கு அரசின் கணக்கே விடை சொல்கிறது. 2018-19 வேளாண் ஆண்டில் தேசிய மாதிரி ஆய்வு கண்ட, உழவர் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 1 லட்சத்து 23 ஆயிரம். பொது வருமான வரியோ, 2025ஆம் ஆண்டின் தள்ளுபடிக்குப் பின், 12 லட்சத்தைத் தாண்டினால்தான் தொடங்குகிறது. எனவே பெரும்பாலான உழவருக்குத் தனி விலக்கே தேவையில்லை. எல்லாருக்கும் உரிய வரம்பே அவர்களைக் காத்துவிடும். தனி விலக்கின் பயன் அந்த வரம்பையும் தாண்டிச் சம்பாதிப்பவர்களுக்கே போகிறது.

அவர்கள் எல்லாரும் ஏர் பிடிப்பவர்களும் அல்லர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நகரத்தில் இருந்துகொண்டு வாரம் வாங்குபவரின் வரவும் சட்டப்படி வேளாண் வருமானமே. சேற்றில் இறங்கிய குத்தகைதாரர் மழை பொய்த்தால் கடனாளியாகிறார். நிலவுடைமையாளரின் வரவுக்கு எல்லையற்ற வரிவிலக்கு. உழைப்பைப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் நாட்டில் இதைவிடக் கசப்பான முரண் வேறென்ன இருக்கமுடியும்? வேறு வழியில் வந்த கணக்கில்லாப் பணத்தையும் வேளாண் வருமானமென்று காட்டி வெளுக்க இந்த வாசல் திறந்தே கிடக்கிறது. போதிய சரிபார்ப்பின்றி விலக்கு வழங்கப்படுவதை இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2019ஆம் ஆண்டு அறிக்கையே சுட்டிக்காட்டியது.

1972இல் வேளாண் வரி பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த கே.என்.ராஜ் குழு பெருநிலங்களின்மீது உடைமை வரி விதிக்கச் சொன்னது. வேறு வருமானமும் உள்ளவர்களுக்கு வரி விகிதத்தைக் கணிக்கும்போது வேளாண் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை மட்டுமே அதன் விளைவாக வந்தது. 2017இல் நிதி ஆயோக் உறுப்பினர் பிபேக் தேப்ராய், ஒரு வரம்புக்கு மேற்பட்ட வேளாண் வருமானத்துக்கு வரி விதிக்கலாம் என்றார். அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அத்தகைய எண்ணமே இல்லையென்று உடனே மறுத்தார். பெருநிலக்காரர்களின் பகையை எந்தக் கட்சியும் விரும்புவதில்லை. ஏழை உழவரின் பெயர் அவர்களுக்குக் கேடயமாகிறது.

வேளாண் வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரம் அரசமைப்பின்படி மாநிலங்களுடையது. தமிழ்நாடும் கேரளமும் தோட்டப் பயிர்களின்மீது அதைப் பயன்படுத்திய வரலாறு உண்டு. தனியொரு மாநிலம் தயங்குமாயின், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றிப் பொதுச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்தைக் கேட்க 252ஆம் உறுப்பு வழிசெய்கிறது. அச்சட்டத்தில் மூன்று உறுதிகள் இருக்கவேண்டும்: வரம்பு சம்பளக்காரருக்கு உள்ளதற்குக் குறையக்கூடாது, பொய்த்த ஆண்டின் நட்டத்தைப் பின்வரும் ஆண்டுகளில் கழித்துக்கொள்ள இடம் வேண்டும், திரளும் தொகை முழுவதும் மாநிலங்களுக்கே சேரவேண்டும். அத்தகைய தீர்மானத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் முதலில் நிறைவேற்றவேண்டும் என்று கோருகிறோம்.