புகைக்குப் போக வழி விட்டோமா?



இந்த மாதம் அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். எங்களுக்குத் தெரியாத அடுப்பா என்று நீங்கள் கேட்கலாம். மரத்தடியில் மூன்று கல்லை வைத்துச் சமைத்தவர்கள் நீங்கள். முகாமில் கூடார வாசலில் ஈர விறகை ஊதி ஊதிக் கஞ்சி காய்ச்சியவர்கள். இந்த விடயத்தில் நான்தான் உங்களிடம் கற்க வேண்டியவள். ஒரு பிழை விட்ட பிறகே அதைக் கற்றுக்கொண்டேன்.

பேலியகொடையில், களனி ஆற்றுக்குக் கிட்ட, ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் ஓர் அக்கா வாடகைக்கு இருக்கிறார். சொந்த இடம் கிளிநொச்சிப் பக்கம். 2006 இல் கைக்குழந்தையுடன் கொழும்புக்கு வந்தவர். காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் மகளைப் படிப்பிக்கிறார்.

2022 இல் எரிவாயு கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஏப்ரல் மாதக் கடைசியில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. அக்கா பின்வளவில் மூன்று செங்கல்லை வைத்து விறகுக்கு மாறினார். மழை பெய்தால் செங்கல் குசினிக்குள் வரும். புகையும் கூடவே வரும். பக்கத்து அறையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமுவாள்.

நாங்கள் அவருக்கு ஓர் அனகி அடுப்பு வாங்கிக் கொடுத்தோம். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரே துண்டாகச் சுட்ட களிமண் அடுப்பு. விறகு வைக்க ஒரு வாய், பானை வைக்க இரண்டு கண். முதலாவது கண்ணில் எரியும் நெருப்பின் மிச்சச் சூடு இரண்டாவது கண்ணுக்கும் போகும். 1980களில் இலங்கை மின்சார சபை, சர்வோதயம் போன்றவை எடுத்த விறகுச் சேமிப்பு முயற்சிகளில் உருவாகி, மட்பாண்டத் தொழிலாளர் கைகளால் நாடெங்கும் பரவியது. சிங்களத்தில் அனகி என்றால் மிகவும் பெறுமதியானது என்று பொருள். மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவாகத்தான் பிடிக்கும்.

அந்தக் குசினியில் பழைய அடுப்புமேடை இருந்தது, மேலே புகைக்கூடும் இருந்தது. "மேடையில் வைத்துப் பூசினால் சரி அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். அடுப்பு சாக்கால் மூடியபடி மூலையில் கிடந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"அடுப்பு நல்ல அடுப்புத்தான் மிஸ். ஆனா புகை எங்கால போறது? புகைக்கூடு மேல அடைச்சுக் கிடக்கு. நீங்கள் கேக்கேல்ல, நானும் சொல்லேல்ல."

எரிவாயு வந்த காலத்தில், மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று வீட்டுக்கார அம்மா புகைக்கூட்டின் வாயைத் தகரத்தால் மூடிவிட்டாராம். அதைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டா வீட்டை விடச் சொன்னா எங்க போறது மிஸ்?" என்றார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2007 ஜூன் மாதம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் இருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி அனுப்பியபோது, அக்காவும் பிள்ளையுடன் வெள்ளவத்தை விடுதியொன்றில் இருந்தவர். பக்கத்து அறைக்காரரை ஏற்றியதைக் கண்ணால் பார்த்தவர். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே அதைத் தடுத்தது. ஆனால், இருக்கிற இடத்தில் எதையும் கேட்காமல் இருந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் தங்கிவிட்டது. அதற்காகப் பதினைந்து வருடம் கழித்தும் புகையை விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமை யோசித்துவிட்டு, "நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ, நான் கேக்கிறன்" என்றார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவரே கேட்டார். வீட்டுக்கார அம்மா மறுக்கவில்லை. மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. அதே தகரத்தை ஒரு சாண் உயர்த்தி, நான்கு கம்பியில் குடைபோல நிறுத்தினோம். மழை மேலே நின்றது. புகை பக்கவாட்டில் போனது.

பழைய அடுப்புமேடையில் இப்படி அடுப்பு வைக்க நினைக்கும் சகோதரிகளுக்காக, நாங்கள் செய்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் புகைக்கூடு. பகலில் கீழே நின்று பார்த்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, நீளத் தடியில் விளக்குமாற்றைக் கட்டிக் கரியைத் தட்டி இறக்குங்கள். படிந்த கரி தீப்பிடிக்கக்கூடியது. சுவர் வெடிப்புகளை அடையுங்கள். பிறகு ஒரு கடதாசியைக் கொளுத்திப் பாருங்கள். புகை மேலே இழுபட வேண்டும். இழுபடாவிட்டால் கதவையோ யன்னலையோ கொஞ்சம் திறந்து பாருங்கள். உள்ளே காற்று வந்தால்தான் புகை வெளியே போகும்.

அடுத்தது அடுப்பு. புகைக்கூட்டுக்கு நேர் கீழே, வாய் மேடையின் முன்விளிம்புக்கு வரும்படி, ஆடாமல் வையுங்கள். களிமண்ணுடன் சாணமும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு ஊறவிடுங்கள். மெனிங் சந்தை பேலியகொடைக்கு வந்த பிறகு, பழப்பெட்டிகளில் வரும் வைக்கோல் அக்காவுக்குச் சும்மா கிடைத்தது. அந்தச் சேற்றை அடுப்பைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்கு அணையுங்கள். பானையைத் தாங்கும் குமிழ்களை மண் மூடக்கூடாது. பானைக்கும் விளிம்புக்கும் இடையில் சிறு இடைவெளி இருந்தால்தான் நெருப்பு இழுக்கும். நிழலில் ஆறுதலாகக் காயவிட்டு, வெடிப்புகளைத் திரும்பப் பூசி, நன்றாகக் காய்ந்த பின்பே மூட்டுங்கள். பலகைச் சுவருக்கு அருகில் வைக்கவே வேண்டாம்.

கடைசியாக விறகு. காய்ந்ததாக, மெல்லிதாகப் பிளந்ததாக இருக்கட்டும். வாயை நிரப்பி அடைக்காதீர்கள். வர்ணம் பூசிய பலகையும் ஒட்டுப்பலகையும் வேண்டாம். மூட்டுவதற்குப் பொலித்தீன் பையும் வேண்டாம். அவற்றின் புகை நஞ்சு. ஒரு கண்ணில் மட்டும் சமைத்தால் மற்றதில் தண்ணீர்க் கேத்திலை வையுங்கள். வெறுமனே விட்டால் சூடு வீணாகும், புகையும் அதனால்தான் வரும்.

அனகி விறகைக் குறைக்கும். ஆனால் அதற்குச் சொந்தமாகப் புகைக்குழாய் இல்லை. புகைக்கூடு இல்லாத வீட்டில் அதைத் திறந்த தாழ்வாரத்தில் வைப்பதே நல்லது. வீட்டுக்குள் சமையல் புகையால் மாசுபடும் காற்றினால் 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணித்துள்ளது. அடுப்புக்கு முன்னால் கூடுதலான நேரம் நிற்பது பெண்களாகிய நாங்கள்தானே.

இப்போது அக்கா ஒரு கண்ணில் இடியப்பம் அவிக்க, மற்றதில் சொதி கொதிக்கிறது. மூன்று நாளில் முடிந்த விறகுக் கட்டு நான்கு நாளுக்கு மேல் வருகிறது. குசினியில் புகை முற்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன். மகள் இருமாமல் படித்துப் பரீட்சை எழுதினாள்.

என் பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், 'புகை எங்கே போகிறது?' என்று இப்போது ஒரு கேள்வியும் சேர்த்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் அதைக் கேட்க மறந்தால், சகோதரிகளே, நீங்களாவது வாயைத் திறந்து சொல்லுங்கள். அடுப்படியில் நிற்பவர் சொல்லாமல் அடுப்பு சரிவராது.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.