காற்றடிக்கும் ஊரும் விளக்கெரியும் ஊரும்

மன்னார்த் தீவிலே 2020 ஆம் ஆண்டின் இறுதியில் திறந்துவைக்கப்பட்ட முப்பது காற்றாலைகளையும் பார்த்து வந்த மாணாக்கர் ஒருவர், "இந்தக் காற்று மன்னாருக்கு விளக்கெரிக்கிறதா, கொழும்புக்கு எரிக்கிறதா?" என்று எம்மை வினவினார். இதே வினா கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டிலே, இன்னும் பெரிய அளவில் எழுந்தது. அதனை முதலிற் பார்ப்போம்.

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயினூடே தென்மேற்குக் காற்று ஓயாது வீசும். அங்கும் முப்பந்தலிலும் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுழல்கின்றன. ஆயினும் 2012 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு ஊர்கள் பல நாள்தோறும் நெடுநேரம் இருளில் மூழ்கின. விந்தை யாதெனின், காற்று மிகுந்த வேளைகளிலே ஆலைகளை நிறுத்திவைக்கும்படி கட்டளை பிறந்ததுமுண்டு. விளைந்த மின்சாரத்தைக் கொண்டு செல்லப் போதிய கம்பி இல்லை!

ஒரு வலையில் இணைந்த மின்பிறப்பாக்கிகள் யாவும் தேர்வடம் பிடிப்போரைப் போல ஒரே தாளத்தில் இயங்கவேண்டும். விநாடிக்கு 50 சுழற்சி. தென்னிந்தியா நெடுங்காலம் தனித்தேர் இழுத்து வந்தது. வட இந்திய வலையுடன் அதற்கிருந்தவை சில நேரோட்ட இணைப்புகளே. (தனித்திருப்பதிலும் நன்மை உண்டு. 2012 யூலையில் வட இந்திய வலை அடுத்தடுத்து இரு நாள் வீழ்ந்தபோது தெற்கு தப்பியது.) 2013 டிசெம்பர் 31 ஆந் திகதி ராய்ச்சூரையும் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ற்றுக் கம்பி உயிர்பெற்றது. இரு தேர்களும் ஒன்றாயின.

இத்துணை உயர்ந்த அழுத்தம் எதற்கு என்று மாணாக்கர் கேட்கக்கூடும். அதே வலுவை இருமடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் ஓட்டம் பாதியாகும். கம்பி சூடேறி வீணாவது காற்பங்காகக் குறையும். மிக நெடுந்தொலைவுக்கு நேரோட்டம் இன்னும் சிக்கனமானது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகலூர் வரை 1,700 கிலோமீற்றருக்கு மேல் செல்லும் 800 கிலோவோல்ற்று நேரோட்டக் கம்பி, 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. அது 6,000 மெகாவாற்றுச் சுமக்கவல்லது. தெற்கே காற்று ஓய்ந்தால் வடக்கின் மின்சாரம் இறங்கும். காற்று மிகுந்தால் தெற்கின் மின்சாரம் ஏறும்.

இதுவரை பொறியியலாளரின் வெற்றி. ஆனால் கம்பிக்குக் கோபுரம் வேண்டும்; கோபுரத்துக்குக் காணி வேண்டும். கொங்குநாட்டு உழவனுக்கு அது தென்னந்தோப்பு. கம்பியின் கீழே தென்னை உயரலாகாது. நிலம் அவன் பெயரிலேயே இருக்கும். ஆனால் அதனை வாங்க வருவார் இலர். தந்திக் கம்பம் நடுவதற்காக 1885 ஆம் ஆண்டில் வெள்ளையர் இயற்றிய சட்டத்தின் அதிகாரமே இக்கோபுரங்களுக்கும் துணை நின்றது. 2018 டிசெம்பரில் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளில் உழவர் திரண்டு போராடினர். புகலூரிலிருந்து திருச்சூர் செல்லும் கம்பி கேரளத்துள் ஒரு பகுதி நிலத்தின் அடியிலே புதைக்கப்படும்போது, தம் வயல்களில் மட்டும் கோபுரம் ஏன் என்று கேட்டனர். புதைப்பதற்குச் செலவு மிகுதி என்பது மெய்யே. ஆயினும் அச்செலவை மிச்சப்படுத்தியவர் ஒருவர், ஈடுசெய்தவர் வேறொருவர்.

கோபுரத்தடி நிலத்துக்கு அதன் பெறுமதியில் நூற்றுக்கு 85 வீதமும், கம்பியின் கீழுள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 வீதமும் நட்டஈடாக வழங்குமாறு 2015 இல் இந்திய மத்திய அரசு வழிகாட்டியது. 2024 யூனில் அவை 200 வீதமாகவும் 30 வீதமாகவும் உயர்த்தப்பட்டன. ஒன்பது ஆண்டு முன்னரே இது வந்திருப்பின் உழவர் பலர் தெருவுக்கு வந்திரார் என்பது எம் கருத்து.

இனி மன்னார் வினாவுக்கு வருவோம். மின்சாரம் அண்மையிலுள்ள விளக்கை எரித்துவிட்டே அப்பாற் செல்லும். மன்னாரின் தேவை சிறிது. ஆகவே பெரும்பகுதி 220 கிலோவோல்ற்றுக் கம்பியில் வவுனியா வழியே அநுராதபுரத்துக்கும் அதற்கப்பாலும் போகிறது. இவ்விடையைக் கூறியதும், "அந்தக் கம்பி யார் யாருடைய காணிக்கு மேலாகச் செல்கிறது?" என்று மாணாக்கர் மறுபடியும் கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை. அடுத்த விடுமுறையில் தாமே வழிநெடுகச் சென்று பார்த்து எழுதுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.