பல்லில் ஒட்டும் பிசின்: எமன் எங்கே?

குடைந்து சுத்தம் செய்த சொத்தைப் பல்லில் டாக்டர் ஒரு திரவத்தைத் தடவுகிறார். நீல ஒளியைக் காட்டுகிறார். சில விநாடிகளில் அது இறுகிவிடுகிறது. அதன்மேல் பல் நிறத்திலேயே ஃபில்லிங். பாதரசக் கலவையால் பல் அடைப்பதை ஐரோப்பிய யூனியன் 2025 ஜனவரியில் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. இனி இந்த ஒட்டுப் பிசினை நம்பும் வாய்கள் பெருகும். அதனால் உயிருள்ள செல்களுக்கு ஆபத்து உண்டா?

அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கிய எனாமலில் பிசின் உறுதியாக ஒட்டும் என்று 1955இல் காட்டியவர் அமெரிக்கரான மைக்கேல் புவனகோர். எனாமலில் உயிர்ச்செல் இல்லை, பிரச்சினையும் இல்லை. அதற்கு அடியில் உள்ள டென்டின் அப்படியல்ல. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் பல்லாயிரம் நுண்குழல்கள். அவை போய்ச் சேருமிடம் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பற்கூழ்.

எவ்வளவு ஒளி காட்டினாலும் பிசினின் மூலக்கூறுகள் அத்தனையும் கைகோத்துக் கொள்வதில்லை. மிஞ்சியவை கசிகின்றன. அவற்றில் முக்கியமானது ‘ஹெமா’. சிறியது, நீரில் கரைவது. டென்டினை எளிதில் ஊடுருவும்.

சோதனை எளிமையானது. இறுகிய பிசினை ஊறவைத்த திரவத்தில் எலிச் செல்களையோ, மனித ஈறு அல்லது பற்கூழ்ச் செல்களையோ வளர்க்கிறார்கள். பிறகு மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்த செல் ஆக்காது. ஊதா குறைந்தால் சாவு அதிகம். 1983இல் அறிமுகமான முறை இது. பிழைத்த செல்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பொருளுக்கு நச்சுத்தன்மை உண்டு என்கிறது சர்வதேசத் தர விதி.

இந்தப் பரீட்சையில் பல பிசின்கள் தேறுவதில்லை. அரைகுறையாக இறுகியவை இன்னும் மோசம். செல்லின் தற்காப்புப் பொருளான குளூட்டாதயோனை ஹெமா காலி செய்வதே முக்கியக் காரணம்.

ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, வாய் வேறு. பல்லில் நடுவே டென்டின் சுவர் இருக்கிறது. கசிவது பற்கூழை அடைந்தாலும் ரத்த ஓட்டம் அதை அடித்துச் செல்கிறது. அதனால்தான் பிசினுக்கும் செல்லுக்கும் இடையே மெல்லிய டென்டின் வில்லையை வைத்துச் சோதிக்கும் முறையும் வந்தது. சுவர் தடிமனாக இருந்தால் பாதிப்பு குறைகிறது. சொத்தை ஆழமாகிச் சுவர் மெலிந்தால் கதை மாறுகிறது.

ஆக, எமன் புட்டியில் மட்டும் இல்லை; வேலை செய்யும் விதத்திலும் இருக்கிறான். வீரியம் குறைந்த விளக்கு, அவசரமாக எடுக்கப்படும் ஒளி, மறைப்புப் பூச்சு இல்லாத ஆழமான குழி - இவைதான் ஆய்வுக்கூடத்துச் சாவைப் பல்லுக்குள் கொண்டுவரும். டாக்டரின் விரலும் தப்பாது. ரப்பர் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவும் ஹெமா, பல் டாக்டர்கள் பலருக்குத் தோல் அலர்ஜியைத் தந்திருக்கிறது.

புட்டியின் பெயர் நோயாளிக்குப் புரியாது. விளக்கின் வீரியத்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேட்கலாம். அதற்கு அரை நிமிடம் போதும்.