நாளொரு பறவையும் நானும்

பி.காம். படித்தவன் பறவை வரைந்தால் எப்படி இருக்கும்? டெபிட் பக்கம் ஒரு இறக்கை, கிரெடிட் பக்கம் ஒரு இறக்கை, நடுவில் டேலி ஆகாத மூக்கு. போன அக்டோபரில் நான் போட்ட முதல் காக்கா சாட்சாத் அப்படித்தான் இருந்தது.

வினை அக்கா மகள் ரூபத்தில் வந்தது. ஜேக் பார்க்கர் என்கிற அமெரிக்க ஓவியர் 2009-ல், அக்டோபர் பூரா தினம் ஒரு படம் மையில் போடுவதென்று விரதம் எடுத்தாராம். 'இங்க்டோபர்' என்று அது உலகமெல்லாம் பரவி, இப்போது சில பேர் பறவையாகவே போட்டுத் தள்ளுகிறார்களாம்.

"31 நாள், 31 பறவை. முடியுமா மாமா?"

"ப்பூ!" என்றேன். அந்த 'ப்பூ'வுக்கு மாசம் முழுக்க வட்டி கட்டினேன் சார்!

கான்சாபுரத்தில் பறவைக்கா பஞ்சம்? தோப்பில் மைனா, கண்மாயில் கொக்கு, கரண்ட் கம்பியில் கரிச்சான். ஆனால் பேனாவை எடுத்த பிறகுதான் தெரிந்தது, முப்பது சொச்ச வருஷமாக நான் எதையுமே பார்த்ததில்லை என்று. காக்காதானே என்று மை பாட்டிலையே கவிழ்த்தேன். வாசலில் வந்து உட்கார்ந்த ஒரிஜினலுக்குக் கழுத்து சாம்பல் நிறம்! மூன்றாம் நாள் குயில். முருங்கையில் பழுப்பாக, புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. அதை விரட்டிவிட்டுக் கறுப்புக் குயிலைத் தேடினேன். நான் விரட்டியதுதான் பெண் குயிலாம். 'கூ... கூ...' என்று உருகுகிற கறுப்பு ஆசாமி, ஆண். கதாநாயகிகளைக் குயில் என்று வர்ணித்த சினிமாக் கவிஞர்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு வீட்டு விஷயம். கணக்கு எழுதுகிற வேலையை விட்டுவிட்டு நான் கதை எழுத வந்ததிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. பத்து மாசமாக எல்லாம் அம்மா வழிதான். "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்பார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

எட்டாம் நாள் கொக்கு. திண்ணையில் வரைந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு செருமல்.

"கொக்குக்கு முழங்கால் பின்னாலதானடா மடங்கும்? நீ என்ன, மனுசனுக்கு மூக்கு வச்சிருக்க?"

பத்து மாசத்தில் முதல் வாக்கியம்! அப்புறம் புத்தகத்தில் பார்த்தேன். பின்னால் மடங்குவது முழங்காலே இல்லையாம், கணுக்கால். அசல் முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. இப்போதுதான் வாய் திறந்த மனுஷனுக்குத் திருத்தம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

அன்றிலிருந்து பறவையை அவரே தேர்ந்தெடுத்தார். "நாமக்கோழிக்கு மொதல்ல நாமத்தைப் போடுடா" என்று நெற்றி வெள்ளையைக் காட்டினார். நான் போட்ட தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்து, "இது சுரைக்காய்" என்று தீர்ப்புச் சொன்னார்.

பத்தொன்பதாம் நாள் மழை, கைவலி, சலிப்பு. பேனாவை மூடிவிட்டேன். மறுநாள் அப்பா ஒன்றும் சொல்லாமல் வில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் ஆண்டாள் சன்னதியில் நிறுத்தினார். தாயாரின் இடது கையில் கிளி. மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலை உடம்பு, காக்காப்பொன் கண், வாழைநார்க் கட்டு. தினமும் புதுசாகச் செய்கிறார்கள். நேற்றையது இன்றைக்கு ஆகாது.

"இவங்க மழைன்னு லீவு போட்டாங்களா?"

"அவங்களுக்கு அது கைங்கரியம்ப்பா. எனக்கென்ன..."

"வேலையத்தான் விட்ட. இதையுமா?"

ராத்திரியே உட்கார்ந்து இரண்டு நாள் பாக்கியையும் தீர்த்தேன். இரண்டும் கிளி. ஒன்று கொஞ்சம் கத்தரிக்காய் சாயல்.

31-ம் தேதி மயிலோடு கணக்கு முடிந்தது. "துட்டு ஏதும் தருவாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அதானே பாத்தேன்" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணி. போர்வையை யாரோ இழுத்தார்கள். அப்பா, கையில் என் நோட்டு.

"இன்னிக்கு என்ன பறவை?"

"முடிஞ்சு போச்சுப்பா. அது அக்டோபருக்கு மட்டும்தான்."

"கொல்லையில செம்போத்து வந்து நிக்குது. நவம்பர்னு அதுகிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.